ஊருக்கு இட்ட பெயரும் உலகம் வழங்கும் பெயரும்

பெயர்ச்சொல்லை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இரு கூறாக வகுத்தனர் இலக்கண நூலார். மண், மரம் என்பன இடுகுறி. பறவை, நாற்காலி என்பன காரணம். வகுப்பறையில் தலைமுறை தலைமுறையாக இவையே எடுத்துக்காட்டுகளாக நின்று வருகின்றன. பள்ளிக்கூடத்தின் வாயிலைத் தாண்டினால், இதே இலக்கணத்தை உயிரோடு விளக்கும் பெயர்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவை ஊர்களின் பெயர்கள். சிறப்பாக, மக்கள் ஊர்களுக்குச் சூட்டிய பட்டப் பெயர்கள்.

அரசாங்க ஏட்டில் ஓர் ஊருக்கு ஒரு பெயர்தான் உண்டு. மக்கள் நாவிலோ இரண்டு மூன்று உண்டு. ஏட்டிலுள்ள பெயருக்குக் காரணம் மறந்து போயிருக்கலாம். பட்டப் பெயருக்குக் காரணம் வெளிப்படையாக நிற்கும். காரணம் இன்றிப் பட்டப் பெயர் பிறப்பதில்லை.

தாயகத்தை முதலில் நோக்குவோம். மதுரையைத் தூங்கா நகர் என்பர். இரவு முழுதும் கடைத்தெருவில் நடமாட்டம் இருப்பதால் வந்த பெயர் இது. பகற் சந்தையாகிய நாளங்காடியையும் இரவுச் சந்தையாகிய அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி பாடுகிறது. ஆகவே பெயர் புதிதாயினும் காரணம் சங்க காலத்தது. கோயம்புத்தூருக்குத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர். சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல் மண்; 1930களில் பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து வந்த மின்சாரம்; இவ்விரண்டும் சேர்ந்து பஞ்சாலைகளைப் பெருக்கின. அகமதாபாத்தும் கான்பூரும் இதே மான்செஸ்டரின் பெயரை இரவல் பெற்ற நகரங்களே. ராஜஸ்தானத்து ஜெய்ப்பூர், 1876 இல் ஆங்கில இளவரசரின் வருகைக்காக இளஞ்சிவப்பு வண்ணம் தீட்டப்பெற்றது. இன்றும் அது இளஞ்சிவப்பு நகரமே. தொழில், வண்ணம், வாழ்க்கை முறை ஆகிய மூன்றும் பட்டப் பெயருக்குத் தாயாவதை இவற்றால் அறியலாம்.

இனி, மலேசியாவின் பேராக் மாநிலத்துக்கு வருவோம். பேராக் என்னும் மலாய்ச் சொல்லுக்கு வெள்ளி என்பது பொருள். ஆயினும் அம்மாநிலத்துக்கு வளம் சேர்த்தவை ஈயமும் ரப்பருமே. அதன் தலைநகராகிய ஈப்போவின் பெயர் ஒரு நச்சு மரத்தின் பெயர். அம்மரத்தின் பாலைப் பழங்குடியினர் ஊதுகுழல் அம்புகளின் முனையில் தடவி வேட்டையாடினர். சீனரோ அவ்வூரைப் பழைய பெயராகிய பலோ என்பதை ஒட்டி முன்னர் அழைத்தனர்.

கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் பெருகியபோது சுரங்க முதலாளிகள் மாளிகைகள் எழுப்பினர். ஈப்போ கோடீசுவரர்களின் நகரம் எனப் பெயர் பெற்றது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை நிலைகுலைந்தது. சுரங்கங்கள் பல மூடப்பட்டன. செல்வம் போயிற்று, பட்டப் பெயர் போகவில்லை. 1988 இல் மாநகர் ஆன ஈப்போவுக்குப் பூகன்வில்லா நகரம் என்ற பெயரும் உண்டு. தமிழர் இம்மலரைக் காகிதப் பூ என்பர். மலாய்க்காரரும் அதே பொருளில் பூங்கா கெர்த்தாஸ் என்பர். இரு மொழியாரின் கண்ணுக்கும் அது காகிதமாகவே பட்டிருக்கிறது!

தைப்பிங்கின் கதை இதனினும் சுவையுடையது. அதன் பழைய பெயர் கிலியான் பாவ். கிலியான் என்றால் சுரங்கம். பாவ் என்பது ஒருவகை மாமரம். ஈயச் சுரங்கங்களுக்காகக் கீ ஹின், ஹாய் சான் என்ற இரு சீனக் கூட்டத்தாரும் 1861 முதல் 1874 வரை அங்கே போரிட்டனர். 1874 இல் பங்கோர் உடன்படிக்கையோடு போர் ஓய்ந்தது. ஊருக்குப் பேரமைதி என்னும் பொருளில் தைப்பிங் என்ற சீனப் பெயர் அமைந்தது. குருதி சிந்திய மண்ணுக்கு அமைதி என்று பெயரிட்டது ஒரு வேண்டுதலே எனலாம். பின்னே மலைத்தொடர் நிற்பதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை அங்கே பொழிகிறது; ஆதலின் மழை நகரம் என்பது அதன் பட்டப் பெயர். இன்று மழை எப்போது வரும் என்று பந்தயம் கட்டுவது ஒரு காலத்தில் அவ்வூராரின் பொழுதுபோக்கு.

தமிழாசிரியர் கருத்தில் கொள்ளத்தக்க வேறு இரண்டு ஊர்களும் உள. பத்து காஜா என்பது யானைக்கல். காஜா என்பதில் வடமொழிக் கஜம் ஒலிப்பதைக் காண்க. சித்தியவான் என்பது செத்தியா, கவான் என்ற இரு சொற்களின் கூட்டு. உண்மை நண்பன் என்பது பொருள். சேற்றில் சிக்கிய யானையை விட்டுப் பிரியாது நின்ற மற்றொரு யானையின் கதையை இதற்குக் காரணமாகச் சொல்வர். செத்தியா என்பதும் நாம் வழங்கும் சத்தியமும் ஒரு மூலத்திலிருந்து வந்தவையே.

அப்படியாயின் இந்நாட்டில் தமிழர் சூட்டிய பெயர்கள் இல்லையா? உண்டு. ஈப்போவில் குனோங் சிரோ என்னும் சுண்ணாம்புக் குன்றின் அடியில் முருகன் கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் மக்கள் அவ்விடத்தைக் கல்லுமலை என்றே அழைக்கின்றனர். கோயிலின் பெயரோடும் அச்சொல் ஒட்டிக்கொண்டது. மக்கள் வைத்த பெயர் ஏட்டில் ஏறியதற்கு இது சான்று.

பத்துமலையோ வேறு வகை. மலாயில் பத்து என்றால் கல். அவ்வொலியை அப்படியே ஏற்று, மலை என்பதைத் தமிழில் சேர்த்தனர் நம் முன்னோர். பிற்காலத்துப் பிள்ளைகள் அதைப் பத்து என்னும் எண்ணாகக் கருதி மலைகளை எண்ணத் தொடங்கினர்! காரணம் மறந்த இடத்தில் கற்பனை குடிபுகும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இனி, பிறர் தமிழருக்கு இட்ட பெயர். ஈப்போவை அடுத்த புந்தோங்கில் முறுக்கும் கடலையும் வறுத்து விற்ற தமிழர் வாழும் பகுதியைக் கம்போங் கச்சாங் பூத்தே என்பர். தமிழர் கைத்தொழில் மலாய்ப் பெயராக நிலைத்துவிட்டது.

நகரங்களின் பெயர்களைக் காக்க நூல்களும் நகராட்சிகளும் இருக்கின்றன. காப்பார் இல்லாதவை தோட்டங்களின் பெயர்கள். ரப்பர்த் தோட்டத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் ஒன்று. பால்மரம் சீவியவர்கள் வைத்த பெயர் மற்றொன்று. துரையின் பெயரால் ஒரு தோட்டம், ஆட்களைக் கொணர்ந்த கங்காணியின் பெயரால் ஒன்று, உடைமையாளராகிய செட்டியாரின் பெயரால் ஒன்று, அருகிலுள்ள ஆறு, பாலம், குன்று, கோயில் ஆகியவற்றின் பெயரால் பல என்று அவர்கள் அழைத்தனர்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் டோவன்பி தோட்டம் என்று ஒன்று உண்டு. தமிழ்ப்பள்ளி ஒன்றும் அப்பெயர் தாங்கி நிற்கிறது. டோவன்பி இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஒரு சிற்றூரின் பெயருமாகும். அந்தச் சிற்றூரை அறிந்தவனுக்கு அது காரணப் பெயர்; அங்கே படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு அதுவே இடுகுறி. ஒரே பெயர், அழைப்பவரின் நினைவைப் பொறுத்துத் தன் இலக்கணத்தையே மாற்றிக்கொள்கிறது! காரணம் பெயருக்குள் இல்லை. அதை நினைவில் வைத்திருப்பவரிடம் இருக்கிறது.

இங்கேதான் கவலை பிறக்கிறது. 1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. அதைத் தடுக்கும் நோக்குடன், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். ஆயினும் பின்னாளில் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. லயங்கள் இடிந்தன, மக்கள் பட்டணம் புகுந்தனர். கம்பெனி இட்ட பெயராவது பள்ளியின் பெயர்ப்பலகையில் எஞ்சியிருக்கிறது. பேராக்கில் 130க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பலவற்றின் பெயரில் தோட்டம் என்ற சொல் இன்னும் நிற்கிறது, தோட்டம் இல்லாவிடினும். உழைத்தவர்கள் இட்ட பெயரோ எந்தப் பலகையிலும் இல்லை. அது முதியோர் நாவில் மட்டும் உள்ளது.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. தமிழாசிரியர் ஒருவர், பெயரியல் பாடம் நடத்தும் வாரத்தில், மாணவர்க்கு ஒரு வேலை தரலாம். பாட்டனும் பாட்டியும் வாழ்ந்த தோட்டத்தின் ஏட்டுப் பெயர் யாது, மக்கள் அழைத்த பெயர் யாது, அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் யாது என்ற மூன்று வினாக்களுக்கு விடை கேட்டு எழுதி வரச் செய்யலாம். சொன்னவர் பெயரும் நாளும் உடன் இருத்தல் வேண்டும். காரணம் தெரியவில்லை என்று முதியவர் சொன்னால், அதனையும் அவ்வாறே எழுத வேண்டும்; பத்துமலையில் நேர்ந்தது போல் புதுக் காரணம் படைத்தல் கூடாது. ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருப்பின், முப்பது தோட்டங்களின் வரலாறு ஒரே வாரத்தில் ஒரு குறிப்பேட்டில் ஏறிவிடும்.

காரணப் பெயருக்கும் இடுகுறிப் பெயருக்கும் உள்ள வேறுபாட்டை அம்மாணவர் அதன்பின் மனப்பாடம் செய்ய வேண்டியிராது. பாட்டி சொன்ன பெயருக்குப் பாட்டி சொன்ன காரணம் இருக்கும் வரை அது காரணப் பெயர். கேட்டு வைப்பார் இல்லாமல் அவர் மறைந்தால், மறுநாள் அது வெறும் இடுகுறி. அதற்கு மறுநாள் அதுவும் இல்லை.