பன்னிரண்டு ஆண்டு என்பது எத்தனை கோடை?

ஸ்காட்ச் விஸ்கிக் குப்பியின் முகப்பில் 12 என்றோ 18 என்றோ அச்சிடப்படும் எண், அதற்குள் கலந்திருக்கும் மதுவகைகளில் மிக இளையதன் வயதைக் குறிக்கிறதேயன்றி, பலர் எண்ணுவதுபோல் சராசரி வயதையோ, வாங்கிவந்து அலமாரியில் காத்த காலத்தையோ குறிப்பதன்று; கண்ணாடிக்குள் அடைபட்டவுடன் விஸ்கிக்கு வயதேறுவது நின்றுவிடுகிறது. பிரிட்டனின் 2009ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஸ்காட்ச் என்பது ஸ்காட்லாந்திலேயே வடிக்கப்பட்டு, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாயில் அங்கேயே குறைந்தது 3 ஆண்டுகள் கிடந்து, 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஆல்கஹாலுடன் குப்பிக்கு வர வேண்டும். 'பிளெண்டட்' எனப்படும் கலவை வகையில், முளைகட்டிய பார்லியைச் செப்புக் கொப்பரையில் வடித்த மால்ட் விஸ்கியும், கோதுமை, மக்காச்சோளம் போன்ற தானியங்களைத் தொடர்வடிகலத்தில் வடித்த கிரெயின் விஸ்கியும் சேர்கின்றன. 1830இல் ஈனியஸ் காஃபி காப்புரிமை பெற்ற அந்த வடிகலம் இடைவிடாது ஓடக்கூடியது, அதிலிருந்து வருவது மென்மையானது, மலிவானதும்கூட.

தமிழ்நாட்டுக் கடைகளில் விஸ்கி என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி இந்த இலக்கணத்துக்குள் வராது. திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டிலுள்ள கூட்டுறவு ஆலை போன்ற சர்க்கரை ஆலைகளில், சர்க்கரை பிரித்தபின் மொலாசஸ் எனப்படும் கரும்பாகு எஞ்சுகிறது. இத்தகைய பாகைப் புளிக்கவைத்து வடித்து, மணமே இல்லாத சாராயமாகத் தூய்மைப்படுத்தி, அதில் சிறிது மால்ட் விஸ்கியையோ மணச்சாற்றையோ சேர்ப்பதே இந்தியாவில் பரவலான வழி. தானியத்திலிருந்து பிறக்காத மதுவை விஸ்கி என்று விற்க ஐரோப்பிய ஒன்றியம் விடுவதில்லை. அதைத் தாழ்ந்த விஸ்கி என்பதைவிட, பெயர் மாறிவந்த ரம்மின் உறவினர் என்பதே பொருந்தும்.

மதுவை முதிரவைக்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று; நீண்ட மூங்கிற்குழாயில் விளைந்த தேறலைத் திருமுருகாற்றுப்படையே சொல்கிறது. ஓக் பீப்பாயில் நடப்பது அதைவிடச் சிக்கலானது. வெப்பத்தில் விரியும் மது மரத்தின் நுண்துளைகளுக்குள் புகுந்து, குளிரில் சுருங்கி வெளியேறும்போது, மரத்தை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் என்ற பொருள் சிதைந்து உண்டாகும் வனிலினையும், தேங்காய் மணம் தரும் லாக்டோன்களையும் கரைத்து எடுத்துவருகிறது. அதே வேளையில் மரத்தின் வழியாக ஒரு பகுதி காற்றோடு போய்விடுகிறது. 'தேவதைகளின் பங்கு' என்று வடிப்பாலையினர் அழைக்கும் இந்த இழப்பு ஸ்காட்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு. 2004இல் கிளாஸ்கோவில் தன் மால்ட் விஸ்கியை அறிமுகப்படுத்திய பெங்களூரின் அம்ருத் வடிப்பாலையிலோ அது 10 விழுக்காட்டையும் தாண்டும். 200 லிட்டர் கொண்ட பீப்பாய் 2 விழுக்காட்டுக் கணக்கில் 12 ஆண்டு கழித்து ஏறக்குறைய 157 லிட்டராகவும், 10 விழுக்காட்டுக் கணக்கில் வெறும் 56 லிட்டராகவும் நிற்கும். கடல் மட்டத்துக்குச் சற்றே உயர்ந்த கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில், மே மாதத்து 40 பாகை வெயில் இறங்கும் தகரக்கூரைக் கிடங்கொன்றில் அதே பீப்பாயை வைத்துப் பார்ப்பதாகக் கொண்டால், இழப்பு பெங்களூரையும் மிஞ்சும் என்று எதிர்பார்க்கலாம். பழவேற்காட்டுப் பக்கத்து ஈரக்காற்றில் நீரைவிட ஆல்கஹால் எளிதாக வெளியேறுவதால், மதுவின் வீரியமும் ஆண்டுதோறும் இறங்கும். ஆகவே வயது என்ற எண் ஓர் ஊரின் குளிரோடு சேர்த்தே பொருள் தருவது. அது எவ்வளவு காலம் என்பதைச் சொல்லுமே தவிர, அந்தக் காலம் என்ன செய்தது என்பதை மூக்குதான் சொல்ல வேண்டும்.

நிறத்தை முதலில் ஒதுக்கிவிடுவது நல்லது, ஏனெனில் தீய்த்த சர்க்கரையாகிய கேரமலை நிறத்துக்காகச் சேர்க்க ஸ்காட்ச் விதிகளே இடம் தருகின்றன. அடி அகன்று வாய் குறுகிய, துலிப் மலர் வடிவக் கண்ணாடிக் கோப்பையில் இரண்டு மேசைக்கரண்டிக்கு மேற்படாமல் ஊற்றி, வாயைச் சற்றே திறந்தபடி, மூக்கை விளிம்புக்குள் நுழைக்காமல் முகர்கிறார்கள். அறை 35 பாகையில் கொதித்தால் ஆல்கஹால் ஆவி மூக்கை எரித்து மற்றதையெல்லாம் மறைத்துவிடும். ஐஸ் கட்டி போட்டால் மணமே எழாது. 20 பாகையை ஒட்டிய வெப்பநிலைதான் இரண்டுக்கும் இடைப்பட்ட வழி. கலவை வல்லுநர்கள் பெரும்பாலும் தண்ணீர் ஊற்றி, ஆல்கஹாலை 20 விழுக்காடு அளவுக்கு இறக்கியே முகர்கிறார்கள். புகைமணம் தரும் குவையகால் என்ற மூலக்கூறு, ஆல்கஹால் மிகுந்த கரைசலில் உள்ளே அமிழ்ந்தும், நீர் கூடும்போது மேற்பரப்புக்கு ஏறியும் நிற்பதை ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் கணினி வழிக் கணிப்பில் காட்டினர். தண்ணீர் கலப்பதைக் கேவலமாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

நல்ல முதிர்ந்த கலவையில், கொப்பரைத் தேங்காய், வனிலா, ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய் தரும் உலர்திராட்சை, சதுப்புநிலத்து மட்கான பீட் எரித்து பார்லியை உலர்த்தியதால் வந்த விறகடுப்புப் புகை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக விலகிவரும். எதுவும் தனியே துருத்திக்கொண்டு நிற்காது. பற்றவைத்து அணைத்த தீக்குச்சியின் நெடி வந்தால், கந்தகம் எரித்துக் காத்த பீப்பாயின் குற்றம் அது. கடுக்காய்போல் நாக்கு இறுகித் துவர்த்தால், பீப்பாயில் தேவைக்கு மேல் கிடந்துவிட்டது என்று பொருள், 12 ஆண்டுக் குப்பிக்கும் 30 ஆண்டுக் குப்பிக்கும் விலை பல மடங்கு வேறுபட்டாலும்கூட. விழுங்கியபின் அல்லது, தொழில்முறையில் சோதிப்பவர்கள் பெரும்பாலும் செய்வதுபோல், துப்பியபின், நாக்கில் தங்கும் பின்சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது, கசந்து முடிகிறதா இனித்து முடிகிறதா என்பதும் குறித்துக்கொள்ளப்படுகிறது. கழுவாமல் விட்ட கோப்பையை மறுநாள் காலையில் எடுத்து முகர்ந்தால், ஆல்கஹால் முழுவதும் பறந்துபோன நிலையில், எளிதில் ஆவியாகாத மரச்சாறும் புகையும் மட்டும் கண்ணாடியில் உலர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும்.