பெயர் சொன்ன இசைத்தட்டு

எலெக்ட்ரானிக் சிட்டியில் பலர் செல்போனில் பாட்டுக் கேட்கிறோம். செல்போன் வருவதற்கு முன்பு பாட்டு எதில் இருந்தது? கறுப்பு இசைத்தட்டில் இருந்தது.

இந்தியாவில் முதன்முதலாக இசைத்தட்டுக்குப் பாடியவர்களில் ஒருவர் கௌஹர் ஜான். ஊர் கல்கத்தா. ஆண்டு 1902. அன்று மைக் கிடையாது. பெரிய குழாய்க்கு முன் நின்று உரக்கப் பாட வேண்டும். சுமார் மூன்று நிமிடத்தில் பாட்டை முடிக்க வேண்டும்.

பாடி முடித்ததும் அவர் தன் பெயரை ஆங்கிலத்தில் சொன்னார். ஏன் தெரியுமா? தட்டு தயாரானது ஜெர்மனி நாட்டில். அங்கே வேலை செய்தவர்களுக்கு இது யார் குரல் என்று தெரிய வேண்டும் அல்லவா?

தட்டுகள் நன்றாக விற்றன. அவர் சுமார் 600 தட்டுகளுக்குப் பாடினார். 1930-இல் நம் பக்கத்து மைசூரில் காலமானார்.

அந்தத் தட்டு எதனால் ஆனது? அரக்கும் கல்தூளும் கலந்து செய்தது. சென்னபட்டணம் மரப் பொம்மைக்குப் பூசுகிறார்களே, அதே அரக்குதான். தட்டில் நூல் போன்ற பள்ளம் சுற்றிச் சுற்றி ஓடும். தட்டு சுழலும்போது ஊசி அந்தப் பள்ளத்தில் அதிரும். அந்த அதிர்வுதான் பாட்டாகக் கேட்கிறது.

அரக்குத் தட்டு கீழே விழுந்தால் உடையும். பின்னால் வந்த பிளாஸ்டிக் தட்டு வெயிலில் வளையும். இரண்டையும் விளிம்பில் பிடியுங்கள். நிழலில், நிமிர்த்தி வையுங்கள்.

வீட்டில் பழைய தட்டு இருக்கிறதா? எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நடுவில் ஒட்டிய காகிதத்தைப் படியுங்கள். பாடியவர் பெயர் இருக்கும். அந்தக் குரல் வேறு எங்கும் இல்லாமலும் போகலாம்.