முதலாம் வகை நீரிழிவும் இதயமும்: ஆய்வுக்கான பணம் எங்கே?

முதலாம் வகை நீரிழிவு பலருக்குப் பள்ளிப் பருவத்திலேயே வருகிறது. உடலின் நிர்ப்பீடனத் தொகுதியே சதையியிலுள்ள பீட்டா கலங்களை அழித்துவிடுவதால் இன்சுலின் சுரப்பு நின்றுபோகிறது. அன்று தொடங்கும் ஊசி ஆயுள் முழுதும் தொடரும். 1922 இல் தொரன்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்படும்வரை இந்நோய் கண்ட பிள்ளைகள் அதிக காலம் பிழைத்ததில்லை. இன்று அவர்கள் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்துகிறார்கள். ஆனால் அவர்களின் ஆயுளைக் குறைக்கும் காரணங்களில் முதலிடம் இதயநோய்க்கே.

சுவீடனின் தேசிய நீரிழிவுப் பதிவேட்டிலிருந்து 2018 இல் வெளியான ஆய்வு இதை எண்களில் காட்டியது. பத்து வயது தாண்டுமுன் நோய் கண்ட பெண்கள் சராசரியாக 17.7 ஆண்டுகளையும், ஆண்கள் 14.2 ஆண்டுகளையும் இழக்கிறார்கள். நோய் எவ்வளவு இளமையில் வருகிறதோ, இதயத்துக்கு அவ்வளவு கேடு.

இதற்குக் குருதியில் ஏறும் சீனி மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. சிறுநீரகம் பழுதாகும்போது குருதிக் கலன்களும் கெடுகின்றன. நரம்புகள் மரத்துப்போனவருக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரக்கூடும். நீண்ட காலம் சீனி கட்டுப்படாதவர்களின் குருதியில் இதயத்தசையையே தாக்கும் பிறபொருளெதிரிகள் இருப்பதை 2019 இல் பொஸ்டனின் ஜொஸ்லின் நீரிழிவு நிலைய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அப்படியானால் இந்த இதயநோயின் வேர் ஓரளவுக்கு வேறாகவும் இருக்கலாம். ஆனால் மருந்துப் பரிசோதனைகள் பெரும்பாலும், வளர்ந்தோரிடம் அதிகம் காணும் இரண்டாம் வகை நீரிழிவினரை வைத்தே நடந்துள்ளன. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து நீரிழிவாளருக்குத் தரும் நன்மையை 2008 இல் தொகுத்துச் சொன்ன பெரும் ஆய்வில் இருந்த 18,686 நீரிழிவாளரில் முதலாம் வகையினர் 1,466 பேர் மட்டுமே.

தனியாக ஆராய்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அமெரிக்க அரசின் பணத்தில் நடந்த ஓர் ஆய்வே சாட்சி. 1983 இல் தொடங்கிய அந்த ஆய்வில் 1,441 பேர் சேர்ந்தார்கள். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதியினருக்குச் சீனியை இறுக்கிப் பிடிக்கும் தீவிர சிகிச்சை. 1993 இல் பரிசோதனை முடிந்தபோது கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் காப்பாற்றப்பட்டது தெரிந்தது. இதயத்தைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. பங்கேற்றவர்கள் இளைஞர்கள், மாரடைப்புகள் மிகச் சில. அத்தோடு பணத்தை நிறுத்தியிருந்தால் விடை கிடைத்தே இருக்காது. அதே மனிதர்களைத் தொடர்ந்து கண்காணிக்க அரசு மேலும் பணம் ஒதுக்கியது. 2005 இல் விடை வந்தது: தீவிர சிகிச்சை பெற்றவர்களில் இதய, குருதிக்கலன் நோய்கள் 42 சதவீதம் குறைவு. இரு பிரிவினரின் சீனி அளவும் பரிசோதனைக்குப் பிறகு ஏறத்தாழ ஒன்றாகிவிட்டிருந்தும், ஆரம்ப ஆண்டுகளின் கட்டுப்பாடு இதயத்தைக் காத்து நின்றது. ஜொஸ்லின் ஆய்வாளர்கள் பின்னாளில் சோதித்ததும் இந்த ஆய்வில் பத்திரப்படுத்திய குருதி மாதிரிகளைத்தான். இரண்டு தசாப்தம் பொறுத்திருந்த பணத்தின் பலன் இது.

எல்லா முதலீடும் இப்படிக் கைகொடுப்பதில்லை. நோயுற்ற பிள்ளைகளின் பெற்றோர் 1970 இல் அமெரிக்காவில் தொடங்கிய இளவயது நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை இரு பரிசோதனைகளுக்குப் பணம் கொடுத்தது. ஒன்று 443 பதின்ம வயதினருக்கு ஸ்டாட்டினும் குருதியழுத்த மருந்தும் கொடுத்துப் பார்த்தது. மற்றது 40 வயது கடந்தவர்களுக்கு, இரண்டாம் வகையினருக்கு வழமையாகத் தரும் மெட்போர்மின் மாத்திரையைக் கொடுத்தது. 2017 இல் வந்த முடிவுகள் இரண்டிலும் பிரதான எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. இதைப் பண விரயம் என்பது தவறு. எந்த மருந்தை எவ்வளவு நம்பலாம் என்று மருத்துவருக்குத் தெரிவதும் நோயாளிக்குக் காப்புத்தான்.

இத்தகைய ஆய்வுக்குப் பணம் ஒதுக்கிய அனுபவம் இலங்கையிலும் இல்லாமல் இல்லை. 2005-2006 காலத்தில் மத்திய மாகாணம் உட்பட ஏழு மாகாணங்களில் நடந்த நீரிழிவு, இதயநோய் ஆய்வுக்குத் தேசிய விஞ்ஞான மன்றம் பணம் கொடுத்தது. வளர்ந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு என்று அது கண்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் வகையினர். இந்தியா 2006 இலேயே இளவயது நீரிழிவாளருக்கெனத் தனிப் பதிவேட்டைத் தொடங்கிவிட்டது. சென்னையும் அதன் மையங்களில் ஒன்று.

மாத்தளை மாவட்டத்தை எடுத்துக்கொண்டால் தேவை தெளிவாகும். எல்கடுவையிலோ ரத்தோட்டையிலோ ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு இந்நோய் வந்தால், விசேட சிறுவர் வைத்தியசாலை மாவட்டத்துக்கு வெளியே பேராதனையில் இருக்கிறது. பதின்ம வயது முடிந்ததும் பெரியவர்களின் கிளினிக்குக்கு மாறவேண்டும். அங்கே வரிசையில் நிற்பவர்கள் பெற்றோர் வயதினர், நோயும் வேறு. 2011 இல் தொடங்கிய ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களும் நடுத்தர வயதினரை நினைத்து அமைந்தவை. பத்து வயதில் நோய் கண்டவருக்கோ அந்த வயதில் நோய்க்கே முப்பது வயதாகிவிடும். அவரது நோய்ச் சரித்திரம் கையில் உள்ள கிளினிக் கொப்பியில் இருக்கிறது. கொப்பி தொலைந்தால் அந்தச் சரித்திரமும் தொலைந்தது.

தொடக்க ஆய்வுக்குக் கோடிகள் வேண்டாம். மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலை, தம்புள்ளை ஆதார வைத்தியசாலை போன்ற இடங்களில் முதலாம் வகையினரைத் தனியே பதியும் ஏடு, ஆண்டுக்கொரு முறை குருதியழுத்தம், கொழுப்பு, சிறுநீர் அல்புமின், ஈசிஜி, இவற்றைப் பதிந்து தொடர ஒரு தாதி. தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய ஆராய்ச்சிச் சபையும் இதற்கு இரண்டு மூன்று ஆண்டுத் திட்டப் பணமாக அல்லாமல், இருபது ஆண்டுகளுக்கு உறுதியளித்த நிதியாக ஒதுக்க வேண்டும்.