ஓடும் வாகனத்தில் எழும் இரைச்சலும் அதன் காரணத்தை அறியும் முறையும்

பயிரை நன்கு விளைவித்தலோடு கமக்காரரின் வேலை முடிந்துவிடுவதில்லை. விளைந்த பொருள் வாடாமலும் நசியாமலும் உரிய வேளையிற் சந்தையைச் சென்றடைந்தாற்றான் பட்ட பாட்டிற்குப் பலன் கிட்டும். கிளிநொச்சிப் பகுதியில் ஏற்றப்படும் கத்தரிக்காயும் பூசணிக்காயும் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தை அடைவதற்கு ஏ-9 வீதியில் 150 கிலோமீற்றருக்கு மேல் ஓடவேண்டும். நடுவழியில் லொறியின் சில்லுப் பழுதடைந்தால் அன்றைய விலை தவறிவிடும். ஓட்டத்திற் சில்லுக் கழன்றாலோ உயிருக்கே ஆபத்து நேரிடும்.

இத்தகைய பழுது பெரும்பாலும் திடீரென வருவதில்லை. பல நாட்களுக்கு முன்னரே, வாகனம் ஓடும்போது வண்டின் ரீங்காரம் போன்ற ஓர் இரைச்சல் கேட்கத் தொடங்கும். வேகம் கூடக்கூட அது உயரும். வேகம் குறையக் குறைய அடங்கும். நாள்தோறும் கேட்டுப் பழகிய சாரதி அதனைப் பொருட்படுத்தாது விடுவதுண்டு. வேறு சிலர் காரணத்தை அறியாமலே புது டயர்களை வாங்கிப் பூட்டுவர். இரைச்சலோ முன்போலவே இருக்கும். கீழே கூறப்படும் சோதனைகளை ஒழுங்காகச் செய்தால், வீண் செலவின்றிக் காரணத்தை அறிந்துகொள்ளலாம். சாரதியோடு மற்றொருவரும் இருந்து கேட்பது நலம்.

எஞ்சினா, சில்லா?

முதலில் வாகனத்தை நிறுத்திய நிலையில் எஞ்சினை ஓடவிட்டு, அதன் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தல் வேண்டும். அப்போதும் அதே இரைச்சல் கேட்குமாயின், குற்றம் எஞ்சினிலோ, அதன் வார்ப்பட்டியாற் சுழலும் தண்ணீர்ப் பம்பி, மின்பிறப்பாக்கி ஆகியவற்றிலோ இருத்தல் கூடும். வாகனம் ஓடும்போது மாத்திரம் கேட்குமாயின் அடுத்த சோதனைக்குச் செல்லவேண்டும்.

போக்குவரத்தில்லாத சமதரையான வீதியொன்றில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் மூன்றாம் கியரிற் சிறிது தூரமும், அதே வேகத்தில் நான்காம் கியரிற் சிறிது தூரமும் ஓட்டுக. கியர் மாறும்போது எஞ்சினின் வேகம் மாறும். சில்லின் வேகம் மாறாது. ஆகவே, இரு கியர்களிலும் இரைச்சல் ஒரே தன்மையாக இருந்தால் அது சில்லுகள், டயர்கள், பின் அச்சு ஆகியவற்றின் பக்கத்திலிருந்து வருவதாகும்.

இனி, அதே வீதியில் வேகமிதியை மெல்ல மிதித்தும் விட்டும் பார்க்கவேண்டும். மிதிக்கும்போது ஓங்கி, விட்டவுடன் அடங்கும் ஓசை, அல்லது விடும்போது மாத்திரம் எழும் ஓசை, பின் அச்சின் நடுவிலுள்ள டிபரன்சியல் பெட்டியின் பற்சில்லுகளைச் சந்தேகிக்கச் செய்யும். அதன் எண்ணெய் குறைந்துள்ளதா என்பதை உடனே பார்த்தல் அவசியம். மிதித்தாலும் விட்டாலும் பெரிதும் மாறாத இரைச்சல் டயரினாலோ, சில்லைத் தாங்கும் 'பெயாரிங்' எனும் தாங்கியினாலோ உண்டாவதாகும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே மிக முக்கியமானது. தேய்ந்த டயரின் ஓசை சில நாட்கள் பொறுக்கக்கூடியது. தாங்கியின் ஓசை பொறுக்கத்தக்கதன்று.

டயரின் ஓசை

டயரின் ஓசை வீதியின் தரைக்கேற்ப மாறும். கார்ப்பெற் வீதியில் ஒருவிதமாகவும், கொங்கிறீற்றுப் பாதையில் வேறுவிதமாகவும் ஒலித்து, மணற்பாதையில் அடங்கிவிடும். தாங்கியின் ஓசையோ தரை மாறினும் மாறாது. மேலும், பெரிய கட்டைகளையுடைய டயர்கள் புதிதாக இருக்கும்போதே இரையும் இயல்புடையன. அதனைப் பழுதென எண்ணலாகாது.

வாகனத்தை நிறுத்தியபின் டயரின் மேற்பரப்பை உள்ளங்கையாற் சுற்றிவரத் தடவிப் பார்க்கவேண்டும். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் வாட்பல் போலவும் தட்டுப்பட்டால், அல்லது மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால், இரைச்சலுக்கு அதுவே காரணமாகலாம். ஒரே அளவான டயர்களாயின் முன்னும் பின்னுமாக மாற்றிப் பூட்டி ஓட்டிப் பார்க்கலாம். ஓசையும் இடம்மாறினால் குற்றம் டயருடையது.

வளைவிற் கேட்டல்

வாகனம் வலப்பக்கம் வளையும்போது பாரம் இடப்பக்கச் சில்லுகளின்மீது சாயும். இடப்பக்கம் வளையும்போது வலப்பக்கச் சில்லுகளின்மீது சாயும். ஆகவே, வலப்பக்க வளைவில் இரைச்சல் உயர்ந்து, இடப்பக்க வளைவில் தணியுமாயின், பெரும்பாலும் இடப்பக்கத் தாங்கியே பழுதுற்றதாகும். அகன்ற வளைவுகளில் மிதமான வேகத்தில் மாத்திரம் இதனைச் செய்யவேண்டும். பாரம் ஏற்றிய லொறியிற் செய்தல் ஆகாது.

இந்த ஓசை எவ்வாறு உண்டாகின்றது? 64 சதமமீற்றர் விட்டமுள்ள டயர் ஒரு முறை உருளும்போது ஏறக்குறைய 2 மீற்றர் செல்லும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அது நிமிடத்திற்கு ஏறக்குறைய 500 முறை சுழலும். தாங்கியின் உருளைகள் ஓடும் பாதையிற் சிறு குழியொன்று விழுந்தால், ஒவ்வோர் உருளையும் அதனைக் கடக்கும்போது மெல்லத் தட்டும். மெதுவாகச் சுழலும்போது 'கறகற' என்று கேட்கும் அத்தட்டுகள், வேகத்தில் ஒன்றோடொன்று இணைந்து ரீங்காரமாகின்றன. குழி நாளடைவிற் பெரிதாகுமேயன்றி ஒருபோதும் ஆறுவதில்லை.

சில்லைத் தூக்கிச் சோதித்தல்

சந்தேகத்திற்குரிய சில்லைக் கண்டறிந்தபின், வாகனத்தைக் கெட்டியான சமதரையில் நிறுத்தி, தரையிலிருக்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவேண்டும். கியரை நடுநிலையில் விட்டு, ஜக்கினாற் சில்லைத் தூக்கி, அச்சின் கீழ் உறுதியான தாங்குகால் கொடுக்கவேண்டும். ஜக்கை மாத்திரம் நம்பி வாகனத்தின் கீழ் எவரும் செல்லலாகாது. பின்சில்லைத் தூக்கினால், முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்திருப்பதை உறுதிசெய்தபின் கைப்பிறேக்கை விடுவிக்கவேண்டும்.

சில்லின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் இரு கைகளாற் பிடித்து அசைத்துப் பார்க்க. ஆட்டம் இருப்பின் தாங்கி தளர்ந்துள்ளது எனலாம். முன்சில்லு இடம் வலமாக மாத்திரம் ஆடினால் குற்றம் சுக்கான் மூட்டுகளில் இருக்கலாம். பின்னர் ஒரு கையை வில்லின்மீது வைத்துக்கொண்டு மறுகையாற் சில்லைச் சுழற்றுக. பழுதுற்ற தாங்கியின் கரடுமுரடான அதிர்வு வில்லின் வழியே கைக்குத் தெரியும். ஆட்டம் இல்லை என்பதனால் மாத்திரம் தாங்கி நல்லதென்று முடிவுசெய்தல் கூடாது; ஆட்டமின்றியே இரையும் தாங்கிகளும் உள.

ஓடி வந்து நிறுத்தியவுடன் புறங்கையைச் சில்லின் குடத்திற்கு அருகிற் கொண்டுசென்று, இருபக்கச் சூட்டையும் ஒப்பிடலாம். ஒரு குடம் மற்றையதிலும் மிகச் சூடாக இருந்தால், தாங்கி பழுதுற்றிருக்கும். அல்லது பிறேக் விடாது பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டும் உடனே கவனிக்கத்தக்கன.

வரவிடாமற் காத்தல்

கமக்காரரின் வாகனங்களுக்குச் சேறும் நீருமே பெரும் பகை. உழவு இயந்திரத்தின் பெட்டியை வாய்க்காலில் இறக்கும்போது, சூடான குடம் குளிர்ந்து, தேய்ந்த காப்பு வளையத்தின் ஊடாக நீரை உள்ளிழுத்துக்கொள்ளும். நீர் கலந்த கிறீஸ் பால்போல வெளிறி, உருளைகளைத் துருவிலிருந்து காக்கும் ஆற்றலை இழக்கும். அளவுக்கு மிஞ்சிய மூடைகளை ஏற்றுதலும் தாங்கியின் ஆயுளைக் குறைக்கும்.

பெட்டிகளிலும் பழைய லொறிகளின் முன்சில்லுகளிலும் கழற்றக்கூடிய கூம்புருளைத் தாங்கிகள் உள்ளன. ஒவ்வொரு போகமும் தொடங்குமுன் அவற்றைக் கழற்றி, மண்ணெண்ணெயிற் கழுவி, நன்கு உலர்த்தி, உருளைகளினிடையே புதிய கிறீசை அழுத்தி நிரப்பவேண்டும். குழியோ நீலநிறமோ காணப்பட்டால் உள்வளையத்தையும் வெளிவளையத்தையும் சேர்த்தே மாற்றவேண்டும். காப்பு வளையமும் பிளவு ஊசியும் புதியனவாக இருத்தல் வேண்டும். நட்டை மிகையாக இறுக்கினாலும் தாங்கி சூடேறிக் கெடும். ஆட்டமின்றியும் தடையின்றியும் சில்லுச் சுழலுமாறு பூட்டுதலே முறை. புதிய வாகனங்களிலுள்ள மூடிய தாங்கிகளுக்குக் கிறீஸ் இடவியலாது. பழுதுற்றால் மாற்றுதலே வழி. எச்சில்லைக் கழற்றிப் பூட்டினாலும், 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் நட்டுக்களை மீண்டும் இறுக்கிப் பார்த்தல் அவசியம்.

தாங்கி ஒன்றின் விலையைக் கேட்டுத் தயங்குவோர், ஒரு லொறி மரக்கறியின் விலையை அதனுடன் ஒப்பிட்டுப் பார்ப்பாராக. இரைச்சல் கேட்ட நாளிலேயே சோதித்து, தாங்கியே காரணமெனக் கண்டால், அதனை மாற்றும்வரை அவ்வாகனத்திற் பாரம் ஏற்றாதிருத்தலே அறிவுடைமையாகும்.