லெதர் ஜாக்கெட்டில் பேட்ச்: ஒட்டுவதா, தைப்பதா? சாரலுக்குக் கிளம்பும் முன் ஒரு நிமிஷம்!

குற்றாலத்தில் சாரல் எட்டிப் பார்த்துவிட்டால் போதும். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை, சனி, ஞாயிறுகளில் தென்காசி - செங்கோட்டை சாலையில் பைக் கூட்டம்தான். மதுரைப் பக்கமிருந்து வருபவர்கள், கொல்லத்திலிருந்து ஆரியங்காவு கணவாய் வழியாக இறங்குபவர்கள் எனப் பலர் உடம்பில் லெதர் ஜாக்கெட். அதில் கிளப் சின்னமோ, போய் வந்த ஊரின் பெயரோ எம்பிராய்டரி செய்த துணி பேட்ச். ஆன்லைனில் வாங்கி, வீட்டில் அயர்ன் பாக்ஸை வைத்து அழுத்தினால் முடிந்தது வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஜாக்கெட் பாழாவது அங்கேதான்.

துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துவிடலாம். ஊசி, துணியின் இழைகளை விலக்கிக்கொண்டுதான் போகிறது. ஒரு முறை துவைத்தால் ஓட்டை மறைந்துவிடும். தோல் அப்படியல்ல. அது நெய்த பொருள் இல்லை. கொலாஜன் என்ற புரத நார்கள் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும் ஒரு விரிப்பு. ஊசி அதை வெட்டிக்கொண்டுதான் இறங்கும். அந்த ஓட்டை ஆயுளுக்கும் மூடாது. "சரியா வரல, ஒரு இஞ்ச் மேல வச்சுத் தைங்க" என்றால், கீழே ஒரு வரிசை ஓட்டை அப்படியே பல்லை இளிக்கும்.

அழகு மட்டும் பிரச்சினை என்றால் விட்டுவிடலாம். குற்றாலச் சாரலில் அந்த ஓட்டைகள் வழியே தண்ணீர் இறங்கும். அதைவிட முக்கியம், நெருக்கமாகப் போட்ட தையல் தபால்தலையின் ஓரம் மாதிரி ஆகிவிடும். இழுத்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும். பைக்கிலிருந்து விழுந்து ரோட்டில் உரசிக்கொண்டு போகும்போது தோலைக் காப்பது இந்த ஜாக்கெட்தான். அதனால் தோள்பட்டை, முழங்கை பக்கம் பேட்ச் வேண்டாம். நெஞ்சு, முதுகு இரண்டும்தான் சரியான இடம்.

முதுகில் தைப்பது ஒன்றும் புதுசில்லை. இரண்டாம் உலகப்போரில் சீனாவுக்காகப் பறந்த அமெரிக்க விமானிகளான 'ஃப்ளையிங் டைகர்ஸ்' படையினர், சீனக் கொடியும் சீன எழுத்துகளும் கொண்ட துணியை லெதர் ஜாக்கெட்டின் முதுகில் தைத்திருந்தார்கள். விமானம் விழுந்து உயிர் தப்பினால், மொழி தெரியாத ஊரில் 'இவர் உதவ வந்தவர், காப்பாற்றுங்கள்' என்று அந்தத் துணி பேச வேண்டும். ஸ்டைலுக்காக வந்த பழக்கம் இல்லை அது.

அயர்ன் பாக்ஸ் வைத்தால் என்ன ஆகும்?

ஒட்டும் பேட்ச்சின் பின்பக்கப் பசை உருக, ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். மரப்பட்டையில் பதனிட்ட தோல், ஈரமாக இருந்தால் 70-85 டிகிரியிலேயே சுருங்கும். பெரும்பாலான ஜாக்கெட்டுகள் குரோமியம் உப்பில் பதனிட்டவை. அவை ஈரத்திலும் 100 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். காய்ந்த தோல் இன்னும் தாங்கும் என்றாலும், மேல்பூச்சு பளபளத்துப் போகும். உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பசை போய் அந்த இடம் விறைத்துக்கொள்ளும். இவ்வளவு செய்தும் பசை தோலில் சரியாகப் பிடிக்காது. பத்து நாளில் ஓரம் தூக்கும்.

ரெக்ஸின் ஜாக்கெட் என்றால் கதையே வேறு; சூடு பட்டதும் மேல்படலம் உருகிவிடும். எது எது என்று தெரியவில்லையா? உள்பக்கம் வெட்டுப்பட்ட ஓரத்தைப் பாருங்கள். நார் நாராக இருந்தால் தோல். துணி நெசவு தெரிந்தால் ரெக்ஸின்.

அப்போ எப்படித்தான் வைப்பது?

முதலில் பேட்ச்சைத் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். பருத்தித் துணி என்றால் சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கட்டும். தைத்த பிறகு சுருங்கினால் ஜாக்கெட்டும் சேர்ந்து சுருக்கம் விழும். சாயம் போகிறதா என்பதும் தெரிந்துவிடும். சிவப்பு பேட்ச் முதல் அருவிக் குளியலிலேயே பழுப்பு ஜாக்கெட்டில் இறங்கிவிட்டால் யாரைக் கேட்பது?

குண்டூசி குத்தக் கூடாது, அதுவும் ஓட்டைதான். செருப்புக்குப் போடும் சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி உட்கார வைத்துவிட்டு, பிறகு ஓரம் சுற்றித் தைக்க வேண்டும். நுனி கத்தி போல் இருக்கும் லெதர் ஊசி, பாலியஸ்டர் அல்லது நைலான் நூல், தையல் நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும். முடிக்கும் இடத்தில் முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டிப்படுத்தக் கூடாது. நூலை உள்பக்கம் இழுத்து முடிச்சுப் போட வேண்டும்.

பலர் மறப்பது உள்துணி. அதன் கீழ்த் தையலைக் கொஞ்சம் பிரித்து, கையை உள்ளே விட்டு, தோலை மட்டும் தனியே எடுத்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்பாக்கெட்டும் சேர்ந்து மூடிக்கொள்ளும்.

யாரிடம் கொடுப்பது? நம்மூர் தையல் கடையில் 'ஜாக்கெட்' என்றாலே வேறு ஜாக்கெட். அந்த மெஷின் தோலை இழுக்கத் திணறும். பேக் ரிப்பேர் கடையோ, பைக் சீட் கவர் தைக்கும் கடையோ நல்லது. ஆனால் சீட்டுக்குப் போட்ட தடித்த ஊசியோடு ஜாக்கெட்டை நீட்டிவிடாதீர்கள். "அண்ணாச்சி, சன்ன ஊசி மாத்திட்டுத் தைங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்; முதலில் ஒரு துண்டுத் தோலில் ஓட்டிக் காட்டச் சொல்வதிலும் தப்பில்லை.

ஐந்தருவியில் நனைந்து திரும்பினால் ஜாக்கெட்டை வெயிலிலோ, ஹேர் டிரையரிலோ காய வைக்காமல், அகலமான ஹேங்கரில் நிழலில் தொங்கவிடுங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் பேட்ச்சுக்கு அடியில் ஈரம் நிற்கும். பூஞ்சை பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும் என்பதால், அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்த பிறகே பீரோவில் வையுங்கள்.