திட்டும் தீவும்: கடலுரிமை வழக்குகளில் சொல்லின் பங்கு

கேரித் தீவின் மேற்குக் கரையில் நீர் வற்றும் நேரத்தில் நின்று நோக்கினால், கண்டல் காட்டுக்கு அப்பால் சேற்றுவெளி நெடுந்தொலைவு விரிந்து கிடப்பதைக் காணலாம். ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்திற்கு வந்தால் அவ்வெளி மறைந்திருக்கும். ஓதம் ஏறிக் கண்டல் வேர்களைத் தொட்டு நிற்கும். அச்சேற்றுவெளி நிலமா, கடலா? அங்கே நண்டு பிடிப்பவருக்கு இவ்வினா பெரிதாகத் தோன்றாது. நாடுகளுக்கோ இது பெருவினா. இதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே சுற்றியுள்ள கடலின் மீனும் எண்ணெயும் எரிவாயுவும் யாருக்கு உரியவை என்பது முடிவாகிறது. தென்சீனக் கடலில் சீனாவுக்கும் மலேசியா உள்ளிட்ட அண்டை நாடுகளுக்கும் இடையே நிலவும் பூசலை, இவ்வுரையில் ஒரு மொழியியல் கண்ணோட்டத்தில் விளக்க முயல்வோம்.

சட்டம் வகுத்த சொற்கள்

1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையைச் சீனா, மலேசியா ஆகிய இரண்டுமே 1996இல் உறுதிசெய்து ஏற்றன. அது கடலில் எழுந்து நிற்பனவற்றை மூன்றாகப் பகுக்கிறது. இயற்கையாக உருவாகி, நீரால் சூழப்பட்டு, ஓதம் ஏறிய நிலையிலும் நீருக்கு மேலே இருப்பது தீவு. தீவுக்கு 12 கடல் மைல் ஆட்சிக் கடலும், 200 கடல் மைல் வரை பொருளாதார மண்டலமும் உண்டு. மக்கள் குடியிருப்பையோ தனக்கெனப் பொருளியல் வாழ்வையோ தாங்க இயலாதது பாறை. அதற்கு 12 கடல் மைல் மட்டுமே உண்டு. நீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டுவது மூன்றாம் வகை. கரைக்கு அணித்தாக இருந்தாலன்றி அதற்கென ஆட்சிக் கடல் இல்லை. எப்போதும் நீருக்கடியில் இருப்பதோ சட்டத்தின் பார்வையில் கடலடித் தரையே. அதனைத் தனி நிலமாக எந்த நாடும் உரிமை கோர இயலாது.

எனவே ஒரு மேட்டைத் தீவு என்பதா, பாறை என்பதா, திட்டு என்பதா என்பது வெறும் சொல்தேர்வு அன்று. ஒவ்வொரு சொல்லும் பல்லாயிரம் சதுர கிலோமீட்டர் கடலைக் கொடுக்கவோ பறிக்கவோ வல்லது.

நீரடித் திட்டு எல்லையான கதை

சரவாக் கரையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் ஜேம்ஸ் திட்டு உள்ளது. மலாய் மொழியில் அதன் பெயர் பெத்திங் செருப்பாய். அதன் உச்சி, நீர்மட்டத்திற்கு ஏறத்தாழ 22 மீட்டர் கீழே கிடக்கிறது. எவ்வளவு நீர் வற்றினாலும் அது வெளிப்படுவதில்லை. ஆயினும் சீனப் பாடநூல்கள் நெடுங்காலமாக இதனையே நாட்டின் தென்கோடி எனக் கற்பித்து வருகின்றன.

இது எவ்வாறு நேர்ந்தது? 1935இல் சீன அரசின் நிலப்பட ஆய்வுக் குழு தென்சீனக் கடலின் 132 இடங்களுக்குச் சீனப் பெயர்ப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அவற்றுட் பெரும்பாலானவை ஆங்கிலேயக் கடற்படங்களில் இருந்த பெயர்களின் ஒலிபெயர்ப்பு அல்லது மொழிபெயர்ப்பு. ஜேம்ஸ் என்பது ஒலிபெயர்க்கப்பட்டுச் செங்மு ஆயிற்று. ஆங்கிலத்தில் நீரடி மேட்டைக் குறித்த சொல்லுக்கு நேராகத் தான் என்னும் சீனச் சொல் இடப்பட்டது. இச்சொல் கரைமணலையும் குறிக்கும். நீருக்கு மேலே தெரியும் மணற்பரப்பையும் குறிக்கும். இம்மொழிபெயர்ப்பே நீரடித் திட்டை நிலம்போல் எண்ண இடந்தந்தது என்பது இத்துறை ஆய்வாளர் பில் ஹேட்டனின் கருத்து. 1947இல் அப்பெயர் ஆன்ஷா என, அதாவது மறைந்த மணல் எனத் திருத்தப்பட்டது. சொல் திருந்திற்று, கோடு திருந்தவில்லை. அக்காலத்தில் சீனா வெளியிட்ட பதினொரு கீற்றுக் கோடு இத்திட்டையும் உள்ளடக்கியே வரையப்பட்டது. பின்னர் இரு கீற்றுகள் நீக்கப்பட்டு அது ஒன்பது கீற்றுக் கோடாயிற்று.

2009 மே மாதம் மலேசியாவும் வியட்நாமும் தம் கண்டத்திட்டு எல்லை குறித்து ஐ.நா.விடம் கூட்டாக விண்ணப்பித்தபோது, சீனா மறுநாளே இக்கோடு வரைந்த படத்தை இணைத்து மறுப்புக் கடிதம் அனுப்பியது. பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில் 2016 ஜூலை 12ஆம் நாள் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. அக்கோட்டினுள் வரலாற்று உரிமை கோருவதற்குச் சட்ட அடிப்படை இல்லை என்றும், ஸ்பிராட்லி மேடுகளுள் எதுவும் 200 கடல் மைல் மண்டலம் தரத்தக்க தீவு அன்று என்றும் அது கூறியது. நெடுங்கால வரலாற்றின்வழி இக்கடலில் தனக்கு உரிமை உண்டென வாதிடும் சீனா அத்தீர்ப்பை ஏற்கவில்லை. 2021 மே 31ஆம் நாள் சீன வான்படையின் 16 வானூர்திகள் சரவாக் கடற்பகுதியை அணுகிப் பறந்தன. மலேசியா கண்டனம் தெரிவித்தது. பிந்துலுவில் திரவமாக்கி ஏற்றுமதி செய்யப்படும் எரிவாயு இக்கடலடியிலிருந்தே வருகிறது என்பதை நினைந்தால், இது நமக்குத் தொலைவான செய்தி அன்று.

உடைமையும் இறையாண்மையும்

பெரிய நாட்டின் சொல்லை மட்டும் ஆராய்ந்து நம் நாட்டின் சொல்லை விட்டுவிடுவது முறையன்று. 1979இல் மலேசியா வெளியிட்ட புதிய நிலப்படத்தை அண்டை நாடுகள் பலவும் எதிர்த்தன. அப்படத்தில் ஜொகூருக்குக் கிழக்கே உள்ள பத்து பூத்தே மலேசியாவுக்குரியதாகக் காட்டப்பட்டிருந்தது. சிங்கப்பூர் அதனைப் பெத்ரா பிராங்கா என்று அழைக்கிறது. முன்னது மலாய், பின்னது போர்த்துகீசியம்; இரண்டிற்கும் பொருள் ஒன்றே, வெள்ளைக் கல். பொருள் ஒத்திருந்தும் உரிமை ஒத்துவரவில்லை.

வழக்கு அனைத்துலக நீதிமன்றம் சென்றது. 1953இல் ஜொகூர் அரசின் தற்காலிகச் செயலாளர் எழுதிய கடிதம் ஒன்று, அக்கல்லின் மீது ஜொகூர் உடைமை கோரவில்லை என்று தெரிவித்திருந்தது. உடைமை வேறு, இறையாண்மை வேறு என மலேசியா வாதிட்டது. கொள்கையளவில் இவ்விரண்டும் வேறே என்பதை நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. எனினும் கேட்ட கேள்வியையும் சூழலையும் நோக்கினால் அக்கடிதம் இறையாண்மையையே சுட்டுகிறது எனக் கொண்டது. பிற சான்றுகளையும் சேர்த்து எடைபோட்டு, 2008 மே 23ஆம் நாள் பத்து பூத்தேயைச் சிங்கப்பூருக்கும், அருகிலுள்ள நடுப்பாறைகளை மலேசியாவுக்கும் உரியவை எனத் தீர்ப்பளித்தது. சொல்லின் பொருளை அகராதி மட்டும் தீர்மானிப்பதில்லை, சூழலும் தீர்மானிக்கும் என்று நாம் வகுப்பறையில் கற்பிக்கும் பாடம், ஒரு நாட்டின் எல்லையையே வரைந்துவிட்டது.

பெயரும் உரிமையும்

தென்சீனக் கடல் என்னும் பெயரே சீனாவுக்குச் சான்றாகாதா என மாணவர் வினவுவதுண்டு. ஆகாது, இந்தியப் பெருங்கடல் இந்தியாவின் உடைமை அன்று. இக்கடலை வியட்நாம் கிழக்குக் கடல் என்கிறது. தன் பக்கத்துப் பகுதியைப் பிலிப்பைன்ஸ் மேற்குப் பிலிப்பைன்ஸ் கடல் என்றும், இந்தோனேசியா 2017 முதல் வட நத்துனா கடல் என்றும் வழங்குகின்றன. பெயர், படம் வரைந்தவரையே முதலில் காட்டும். நாம் நிற்கும் இத்தீவும் ஓர் ஆங்கிலேயத் தோட்டக்காரரின் பெயரையே தாங்குகிறது. அவருக்கு முன்பே இங்கு வாழ்ந்த மா மெரி மக்களின் மொழியில் அமைந்த பெயரை அன்று.

தமிழில் நாம் செய்ய வேண்டுவது

நம் செய்திகளிலும் பாடங்களிலும் பாறை, திட்டு, மணல்மேடு அனைத்தையும் தீவு என்றே எழுதிவிடுகிறோம். 1935இல் நிகழ்ந்த பிழையை ஒத்த பிழை இது. தமிழிலோ சொற்பஞ்சம் இல்லை. இராமேசுவரம் மீனவர் மணல்மேட்டைத் தீடை என்பர். முத்துக்குளிப்போர் கடலடிப் பாறைத்தளத்தைப் பார் என்பர். தீவு, பாறை, தீடை, திட்டு, பார் என்னும் இவ்வைந்தையும் வரையறுத்துப் பயன்படுத்தினால் குழப்பம் பெரிதும் நீங்கும். கண்டத்திட்டு என்னும் கலைச்சொல்லில் உள்ள திட்டு, கண்டத்தைச் சூழ்ந்த பரந்த கடலடித் தளத்தையே குறிக்கிறது, தனி மேட்டை அன்று என்பதையும் மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டும்.

ஆசிரியர்கள் ஒரு கடற்படத்தை வகுப்பில் விரித்து மூன்று வினாக்களை எழுப்பலாம். இப்பெயரை இட்டவர் யார்? எம்மொழியிலிருந்து வந்தது? ஓதம் ஏறும்போது இது நீருக்கு மேலே உள்ளதா? கேரித் தீவின் எதிரே உள்ள மலாக்கா நீரிணையில் மலேசியாவும் இந்தோனேசியாவும் 1969இலேயே கண்டத்திட்டு எல்லையைப் பேசி வகுத்துக்கொண்டன. சொற்களின் பொருளில் இரு தரப்பும் உடன்பட்டால் கடலிலும் உடன்பாடு காண இயலும் என்பதற்கு, நம் கண்ணெதிரே உள்ள அந்நீர்ப்பரப்பே சான்று.