கோமாரிக் கரையில் செய்மதி பார்க்க விடியல்தான் நல்ல நேரம்

மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் கோமாரிக் கடற்கரையில் நின்றால், சில நாட்களில் தென்மேற்கே லாகுகலக் காட்டுப் பக்கமிருந்து வெள்ளியைப் போல் பளிச்சென்று ஓர் ஒளிப்பொட்டு ஏறி வரும். சத்தமில்லை; சிவப்பு, பச்சை விளக்குகளும் இல்லை. அது சர்வதேச விண்வெளி நிலையம். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில், சுமார் 93 நிமிடத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றுகிறது.

கடலை நெருங்கும்போதே அது மங்கி அணைந்துவிடும். செய்மதிகளுக்குச் சொந்த ஒளி கிடையாது. நமக்கு இருட்டிய பிறகும் அந்த உயரத்தில் வெயில் படுவதால்தான் மின்னுகின்றன. மாலையில் பூமியின் நிழல் கிழக்கே, அதாவது கடல் பக்கமாகவே எழுகிறது. நிலையம் அதற்குள் நுழைந்து மறைகிறது. விடியலுக்கு முன் நிழல் மேற்கே கிடக்கும். அப்போது நடுவானில் திடீரென்று தோன்றி, கடலின் விளிம்பு வரை ஒளிர்ந்தபடியே இறங்கும். சுபஹுக்கு எழும்புவோருக்கும் தோணி தள்ளுவோருக்கும் இந்தக் காட்சி கிடைக்கிறது.

பிரித்தானியாவில் கோடையில் நள்ளிரவிலும் நிலையத்தைப் பார்க்கலாம். அங்கே சூரியன் அடிவானுக்குக் கீழே ஆழமாக இறங்குவதில்லை. நமக்கோ செங்குத்தாக இறங்குகிறது. அதனால் மாலையில் ஒன்றரை மணித்தியாலம், காலையில் அதேயளவு, அவ்வளவுதான்.

கண்டது எதுவென்று அறிய, நேரத்தையும் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். 'ஹெவன்ஸ் அபவ்' செயலியில் இடத்தைக் கோமாரி என்று கொடுத்தால் அன்றைய பட்டியல் வரும். அதில் ஒளி அளவு எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். நிலையத்துக்குப் பெரும்பாலும் கழித்தல் குறியோடு இருக்கும். சீராக விட்டு விட்டு மின்னிச் செல்வது பெரும்பாலும் உருண்டு புரளும் பழைய ரொக்கெட் பாகம். வரிசையாக ஊரும் பொட்டுகள் புதிதாக ஏவப்பட்ட ஸ்டார்லிங்க். 2025 ஜூலையில் இலங்கையில் இணையச் சேவை தொடங்கிய அதே நிறுவனத்தினுடையவை.

நம் நாட்டின் முதல் செய்மதி 'ராவணா-1' 2019 ஜூன் மாதம் அந்த நிலையத்திலிருந்தே விடுவிக்கப்பட்டது. ஒரு பக்கம் 10 சென்றிமீற்றர் கொண்ட கனசதுரம். சுற்றுப்பாதையில் இருந்தபோதும் வெறுங்கண்ணுக்குத் தெரிந்ததே இல்லை. நிலையமோ 109 மீற்றர் நீளம். தொலைக்காட்சிச் செய்மதிகளும் 35,786 கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பதால் கண்ணில் படா.

தொலைநோக்கி வேண்டாம், இவ்வளவு வேகமாக ஓடும் பொருளை அதற்குள் பிடிப்பது பெரும்பாடு. நவம்பரிலிருந்து ஜனவரி வரை கிழக்கில் மாரி. முகில் விலகும் என்று நம்பி விடியலில் எழும்ப வேண்டாம். பெப்ரவரிக்குப் பிறகு பாருங்கள்.